பாரம்பரிய வில்லுல பெரிய மிருக வேட்டைக்கு அம்பு செட் பண்றது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரின்னு எங்க பக்கத்துல லாங்போ (நீளமான வில்லு), ரிகர்வ் (நுனி எதிர்ப்பக்கமா வளைஞ்ச வில்லு) வச்சு ஷூட் பண்றவங்க கேக்கற கேள்விங்க இது. பாதி கேள்வி இங்க மாந்தோப்புக்குள்ள ஃபோம் பன்னி, ஃபோம் மான் வச்சு பழகறவங்க கேக்கறது, மீதி பாதி ஓசூர் கம்பெனியில இருந்து டெக்சாஸ், ஆஸ்திரேலியான்னு போயி அங்க லைசென்ஸ் எடுத்து நிஜமாவே வேட்டைக்கு போற தம்பிங்க கேக்கறது. ரெண்டு பேருக்கும் அம்போட கணக்கு ஒண்ணுதான், சட்டம்தான் வேற வேற, அதனால மொதல்ல சட்டத்தை சொல்லிட்டு மேல போறேன்.

நம்ம ஊர்ல இந்த அம்பை வச்சு பன்னி அடிக்கலாமா அண்ணா?

கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தோட 9வது பிரிவு வேட்டையை தடை பண்ணுது, துப்பாக்கியா வில்லா கண்ணியான்னு எந்த வித்தியாசமும் அதுல இல்ல. கடலைக்காட்டை பன்னி ஒரு ராத்திரியில உழுத மாதிரி கெளறிட்டு போறது எனக்கும் தெரியும், பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் விவசாயிங்க படற பாட்டை பாத்துட்டுதான் இருக்கேன், ஆனா 2025 தொடக்கத்துல தமிழ்நாடு அரசு போட்ட ஆணையில கூட காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியை வனத்துறை ஆளுங்க சுடலாம்னுதான் இருக்கு, விவசாயியோ வில்லுக்காரனோ இல்ல.

இன்னொண்ணு, நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இருக்கு, 2014ல அறிவிச்சது, 504 சதுர கிலோமீட்டர். 2022ல காவிரி தெற்கு சரணாலயமும் வந்துடுச்சு, அது 686 சதுர கிலோமீட்டர். சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம ஆயுதத்தோட நுழையறதே குத்தம், "சும்மா போட்டோ எடுக்க வில்லு கொண்டு போனேன்"னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. பழகறதுக்கு சொந்த நிலம், பின்னாடி உயரமான மண்மேடு, ஆடு மாடு ஆளுங்க வராத இடம், அவ்ளோதான் வேணும்.

அப்போ வெளிநாட்டுல எங்க வேணா போலாமா?

இல்ல. பிரிட்டன்ல 1981 சட்டப்படி வில்லால மிருகத்தை அடிக்கறது தடை, ஜெர்மனியிலயும் கெடையாது, லண்டன்ல இருக்கற தம்பிங்க இதை தெரிஞ்சுக்கணும். அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அலாஸ்காவுல மூஸ், பிரவுன் கரடி மாதிரி பெரிய மிருகத்துக்கு வில்லோட இழுவை விசை 50 பவுண்டாவது இருக்கணும், அம்பு மொத்த எடை 300 கிரெய்னுக்கு (ஒரு கிராமுக்கு சுமாரா 15 கிரெய்ன்) கொறையக்கூடாதுன்னு ரூல். டெக்சாஸ்ல தனியார் நிலத்துல ஓனர் அனுமதி இருந்தா காட்டுல திரியற பன்னிக்கு 2019ல இருந்து லைசென்ஸே வேணாம். நம்ம புள்ளிமான் 1932ல டெக்சாஸுக்கு போயி இன்னிக்கு அங்க பண்ணையெல்லாம் நெறைஞ்சு கெடக்கு, தெற்கு டெக்சாஸ்ல நீல்காயும் இருக்கு. இங்க கும்பிட்டு பாதுகாக்கற மிருகம் அங்க வந்தேறி, அதனாலதான் அங்க இருக்கற நம்ம பசங்க பெரும்பாலும் இந்த மூணு மிருகத்தை பத்தித்தான் கேக்கறாங்க. போற எடத்து ரூலை அந்த மாநில வனவிலங்கு துறை பக்கத்துல அந்த வருஷத்துக்கு படிச்சுட்டுதான் போகணும்.

வில்லு எத்தனை பவுண்டு இருக்கணும்?

வில்லு மேல எழுதியிருக்கற பவுண்டு 28 இஞ்ச் இழுத்தா வர்றது. நம்ம ஆளுங்க பெரும்பாலும் 26, 27 இஞ்ச்தான் இழுப்பாங்க, ஒரு இஞ்ச் கொறைஞ்சா சுமாரா ரெண்டுல இருந்து மூணு பவுண்டு கொறையும், அதனால "50 பவுண்டு வில்லு"ன்னு வாங்கினவன் கையில நிஜமா 45தான் இருக்கும். லக்கேஜ் எடை பாக்கற தொங்கு தராசை நாண்ல மாட்டி உங்க இழுவை வரைக்கும் இழுத்து பாருங்க, வர்ற நம்பரை வச்சுதான் கீழ இருக்கற எல்லா கணக்கும்.

புள்ளிமான் சைஸுக்கு நல்லா ட்யூன் ஆன (அதாவது வில்லுக்கு ஏத்த மாதிரி நேரா பறக்க செட் பண்ணின) அம்போட 40, 45 போதும். கடமான், நீல்காய், பெரிய கொம்பன் பன்னின்னா 50க்கு மேல இருந்தா நிம்மதி. ஆனா இழுத்து ஒரு நொடி நிக்க முடியாத 60ஐ விட ஆடாம விடற 45 எவ்வளவோ மேல், இதுல எனக்கு சந்தேகமே கெடையாது.

அம்பு செலக்ட் பண்றப்போ மொதல்ல எதை பாக்கணும்? எடையா, ஸ்பீடா, முனையா?

நேரா பறக்குதான்னு பாக்கணும். எல்லாரும் எடையில ஆரம்பிக்கறாங்க, இல்லன்னா பிராட்ஹெட் (பிளேடு வச்ச வேட்டை முனை) எந்த பிராண்டுன்னு ஆரம்பிக்கறாங்க. அம்பு வாலை ஆட்டிக்கிட்டு போயி பட்டா அது சாஞ்சு இறங்கும், இருக்கற சக்தியில பாதி ஷாஃப்ட் (அம்போட தண்டு) வளைஞ்சு அதிர்றதுலயே போயிடும், 700 கிரெய்ன் அம்பா இருந்தாலும் நாலு இஞ்ச்ல நின்னுடும். நேரா போற 480 கிரெய்ன் அம்பு மறுபக்கம் வந்துடும். எட் ஆஷ்பின்னு ஒரு அமெரிக்கர் 1980கள்ல தென்னாப்பிரிக்காவுல நேட்டால் பகுதியில ஆரம்பிச்சு வருஷக்கணக்கா நிஜ மிருகங்கள்ல அம்பு எவ்ளோ ஆழம் போகுதுன்னு சோதிச்சவர். அவர் போட்ட வரிசையில அம்பு உடையாம இருக்கறது மொதல், நேரா பறக்கறது ரெண்டாவது, முன்பாரம் (முன்பக்கம் கனமா இருக்கறது) மூணாவது, மொத்த எடை அதுக்கும் கீழதான் வருது. நானும் இந்த வரிசையிலதான் எல்லாருக்கும் சொல்றேன்.

ஸ்பைன்னா என்ன? 500, 400னு எழுதியிருக்கே?

ஷாஃப்ட் எவ்ளோ வெறைப்பா இருக்குங்கறதோட அளவு. கார்பன் ஷாஃப்டை 28 இஞ்ச் இடைவெளியில ரெண்டு பக்கமும் தாங்க வச்சு நடுவுல 880 கிராம் தொங்க விட்டா அரை இஞ்ச் வளைஞ்சா அது 500, 0.400 இஞ்ச் வளைஞ்சா 400. நம்பர் கொறைய கொறைய வெறைப்பு கூடுது. மரத்துக்கும் மூங்கிலுக்கும் வேற கணக்கு: 26 இஞ்ச் இடைவெளி, 2 பவுண்டு அதாவது 907 கிராம், 26ஐ வளைஞ்ச இஞ்சால வகுத்தா பவுண்டுல ஸ்பைன் வரும். 0.52 இஞ்ச் வளைஞ்சா 26 வகுத்தல் 0.52, அம்பது பவுண்டு ஸ்பைன். இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க, ஒரு பலகையில ரெண்டு ஆணி அடிச்சு, ஒரு பாட்டில்ல தண்ணி ஊத்தி எடை போட்டு வச்சுக்கிட்டா இந்த கருவி வீட்டுலயே ரெடி.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, விரலை விட்டதும் நாண் அம்பை பின்னாடி இருந்து தள்ளுது, முன்னாடி முனை கனமா நிக்குது, நடுவுல ஷாஃப்ட் வளைஞ்சு வில்லோட கைப்பிடியை சுத்தி நெளிஞ்சு போகுது. 1930கள்லயே கிளாரன்ஸ் ஹிக்மேன் ஹை ஸ்பீட் கேமராவுல இதை படம் புடிச்சு காட்டிட்டாரு. ரொம்ப வெறைப்பா இருந்தா நெளியாம கைப்பிடியில இடிச்சு எடது பக்கம் போகும், ரொம்ப தொளதொளன்னா அளவுக்கு மீறி நெளிஞ்சு வலது பக்கம் போகும் (வலது கையால இழுக்கறவங்களுக்கு சொல்றேன், இடதுகைக்காரங்க அப்படியே மாத்திக்கங்க).

கைப்பிடியை சென்டர் வரைக்கும் வெட்டின ரிகர்வ்க்கு, கையில 45ல இருந்து 50 பவுண்டு வந்தா, 29 இஞ்ச் கார்பன், முன்னாடி 175, 200 கிரெய்ன்னு 500ல ஆரம்பிக்கலாம். 40 பக்கம்னா 600. 55க்கு மேல 400. லாங்போவுல கைப்பிடி நடு வரைக்கும் வெட்டாம இருக்கும், அம்பு இன்னும் அதிகமா நெளிஞ்சு சுத்தணும், அதனால ஒரு படி தளர்வா எடுங்க. ஒரே கட்டையில செஞ்ச, ஷெல்ஃபே (அம்பு உக்கார்ற திட்டு) இல்லாத வில்லுக்கு இன்னும் தளர்வு. இது ஆரம்பிக்கற இடம் மட்டும்தான், முடிவு அடுத்த கேள்வியில இருக்கு.

பேர் ஷாஃப்ட் ட்யூனிங் எப்படி பண்றது?

இறகு ஒட்டாத அம்பு ரெண்டு, அதே எடையில இறகு ஒட்டின அம்பு மூணு எடுத்துக்கங்க. மொதல்ல எட்டு பத்து யார்ட்ல (ஒரு யார்ட் மூணு அடி) ஆரம்பிச்சு அப்புறம் 15, 20ன்னு போங்க. ஒரு தடவை விட்டத வச்சு முடிவு பண்ணக்கூடாது, நம்ம விரல் விடறது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், அதனால கூட்டமா எங்க விழுதுன்னு பாக்கணும்.

மேல கீழதான் முதல்ல சரி பண்ணணும். இறகு இல்லாதது கீழ விழுந்தா நாண்ல அம்பு மாட்டற இடம் உயரமா இருக்கு, கொஞ்சம் எறக்குங்க. மேல விழுந்தா ஏத்துங்க. ஆனா ரொம்ப தாழ்வா இருந்தா வாலு ஷெல்ஃப்ல இடிச்சு குதிச்சு, உயரமா இருக்கற மாதிரியே பொய் காட்டும், அதனால கொஞ்சம் உயரத்துல ஆரம்பிச்சு எறக்கிட்டே வர்றதுதான் நல்லது.

அப்புறம் பக்கவாட்டு. இறகு இல்லாதது வலது பக்கம் போனா தளர்வு, ஷாஃப்டை கால் இஞ்ச் கால் இஞ்சா வெட்டுங்க, இல்ல முனை எடையை கொறைங்க. இடது பக்கம் போனா வெறைப்பு, முனை எடையை கூட்டுங்க. அதனாலதான் புது ஷாஃப்டை முழு நீளத்துல வச்சு ஆரம்பிங்கன்னு கத்தறேன், வெட்டறது எப்ப வேணா வெட்டலாம், வெட்டினதை ஒட்ட முடியாது. 125, 150, 175, 200, 250ன்னு ஃபீல்டு பாயின்ட் (பழகறதுக்கு போடற சாதா முனை) ஒவ்வொண்ணுல ரெண்டு வாங்கி வச்சுக்கங்க, அந்த காசு ரெண்டு ஷாஃப்ட் வீணாகறதை மிச்சம் பண்ணிடும்.

கடைசியா பிராட்ஹெட் மாட்டி விடணும். பிராட்ஹெட்டும் ஃபீல்டு பாயின்ட்டும் ஒரே எடத்துல விழலைன்னா ட்யூனிங் இன்னும் முடியலைன்னு அர்த்தம், அந்த பிளேடே ஒரு சின்ன இறக்கை மாதிரி காத்தை புடிச்சு அம்பை இழுத்துட்டு போகும். "பிராட்ஹெட்டுக்கு ரெண்டு இஞ்ச் தள்ளி குறி வச்சுக்கறேன்"னு சமாளிக்கறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க, அந்த அம்பு உயிருள்ள ஒண்ணு மேல படப்போகுது.

மொத்த எடை எவ்ளோ இருக்கணும்? 650 கிரெய்ன்னு எல்லாரும் சொல்றாங்களே?

பாரம்பரிய வில்லுக்கு ஒரு பவுண்டுக்கு 10 கிரெய்ன்ங்கறது நல்ல கணக்கு. கையில 48 பவுண்டு வந்தா 480 கிரெய்ன். 8க்கு கீழ போனா நெறைய வில்லுக்கே ஆபத்து, லேசான அம்பு விட்டா மிச்ச சக்தி எல்லாம் வில்லோட கட்டையிலயே அடிக்கும்.

650ங்கறது ஆஷ்பி சொன்ன எலும்பு கணக்கு. தடிச்ச எலும்பை ஒடைச்சுட்டு உள்ள போற வாய்ப்பு அந்த எடை பக்கத்துலதான் சட்டுனு கூடுதுன்னு அவர் பாத்தாரு. கிராம்ல சொன்னா 42, அதாவது அஞ்சு பவுன் நகையை விட ஒரு ரெண்டு கிராம் கூட. நகை எடை போடற சின்ன டிஜிட்டல் தராசு போதும், கிராமை 15.43ஆல பெருக்கினா கிரெய்ன்.

ஒரு கணக்கு போட்டு காட்றேன். ஒரு 48 பவுண்டு ரிகர்வ் 500 கிரெய்ன் அம்பை நொடிக்கு 170 அடியில விடுதுன்னு வச்சுக்கங்க, அதே வில்லு 650ஐ சுமாரா 150 அடியில விடும். இயக்க ஆற்றல் ரெண்டுக்கும் 32 ஃபுட் பவுண்டு பக்கம்தான், வித்தியாசமே இல்ல. ஆனா உந்தம் 0.38ல இருந்து 0.43க்கு ஏறுது. தோல், சதை, எலும்புன்னு தடுத்துட்டே இருக்கறதுக்குள்ள நிக்காம போகறதுக்கு உந்தம்தான் உதவுது. இதுக்கு குடுக்கற விலை என்னன்னா அம்பு தாழும்: 15 யார்ட்ல கனமான அம்பு நாலு இஞ்ச் கூட கீழ வரும், 20 யார்ட்ல ஏழு இஞ்ச் பக்கம். 15 யார்டுக்குள்ள போயி விடறவனுக்கு அது பெரிசில்ல, 30ல விடணும்னு ஆசைப்படறவனுக்கு பெரிசு, ஆனா பாரம்பரிய வில்லு வச்சுக்கிட்டு 30 யார்ட்ல மிருகத்து மேல விடறதே எனக்கு பிடிக்காது.

அதனால புள்ளிமானுக்கு 480, 520 தாராளம். பன்னி, கடமான், நீல்காய்க்கு 600, 650 பக்கம் போங்க, வில்லு அதை தள்ளுற அளவுக்கு இருந்தா. 40 பவுண்டு வில்லுல 650 ஏத்தி பத்து யார்ட்லயே தொபுக்குனு விழற அம்பை வச்சுக்கிட்டு அலையாதீங்க.

எஃப்ஓசி எவ்ளோ வேணும்?

எஃப்ஓசின்னா முன்பாரம்தான், அம்போட பாரம் நடுவுல இருந்து எவ்ளோ முன்னாடி தள்ளி இருக்குங்கறது. நாக் (அம்போட வால்ல நாண் மாட்டற இடம்) பள்ளத்துல இருந்து ஷாஃப்ட் முடியற வரைக்கும் நீளம் அளந்துக்கங்க, முனை கணக்குல வராது. அம்பை விரல் மேல வச்சு எங்க சமமா நிக்குதோ அங்க ஒரு கோடு. நாக்ல இருந்து அந்த கோடு வரைக்கும் உள்ள தூரத்துல பாதி நீளத்தை கழிச்சு மொத்த நீளத்தால வகுத்து நூறால பெருக்கணும். 29 இஞ்ச் அம்பு, 18.5ல நின்னா, 18.5ல 14.5 போக 4, அதை 29ஆல வகுத்தா 13.8 சதவீதம்.

12ல இருந்து 19 வரைக்கும் நல்ல முன்பாரம், 19க்கு மேல போனா எக்ஸ்ட்ரீம்னு சொல்லுவாங்க, ஆஷ்பி அந்த பக்கம்தான் நிக்கறாரு. முன்னாடி கனம் இருந்தா பின்னாடி வாலு சீக்கிரம் நேராகும், சின்ன இறகே போதும், உள்ள போறப்பவும் முனை இழுத்துட்டு போற மாதிரி போகும். ஆனா முன்னாடி எடை ஏத்த ஏத்த அம்பு தளர்வா நடந்துக்கும், அதனால வெறைப்பான ஷாஃப்டுக்கு மாறணும், மறுபடியும் ட்யூன் பண்ணணும். புதுசா வர்றவங்க 15 சதவீதத்துல நிறுத்திக்கிட்டு பழகற நேரத்தை கூட்டுங்க.

பிராட்ஹெட் எது?

ரெண்டு பிளேடு, ஃபிக்சட், நீளமா குறுகலா இருக்கறது. நீளம் அகலத்தை விட மூணு மடங்கு இருந்தா கொறைஞ்ச சக்தியிலயே ஆழமா போகும். பட்டதும் விரியற மெக்கானிக்கல் பிராட்ஹெட் காம்பவுண்ட் (கப்பி வச்ச) வில்லுக்காரங்க வேலை, விரியறதுக்கே சக்தி திங்கும், நம்ம வில்லுல அவ்ளோ மிச்சம் கெடையாது.

சிங்கிள் பெவல்னா ஒரு பக்கம் மட்டும் சாணை பிடிச்சது, எலும்புல படறப்போ அம்பு சுத்தி எலும்பை பொளந்து விடும். அதுல ஒண்ணு கவனிக்கணும், ரைட் பெவல் வாங்கினா ரைட் விங் இறகு, லெஃப்ட் பெவல்னா லெஃப்ட் விங். மாத்தி போட்டா அம்பு பறக்கறப்போ ஒரு பக்கம் சுத்தும், உள்ள போனதும் இன்னொரு பக்கம் சுத்தப் பாக்கும், நின்னு போகும்.

கூர்மை பத்தி கொஞ்சம் நீட்டி சொல்லணும். புது பாக்கெட்ல வர்ற பிராட்ஹெட் பெரும்பாலும் பத்தாது. அம்பு கொல்றது ரத்தக்குழாயை வெட்டித்தான், மழுங்கின பிளேடு குழாயை ஒதுக்கி தள்ளிட்டு போயிடும், நல்ல கூர்மை அதை வெட்டிட்டு போகும், மிருகம் என்ன நடந்ததுன்னு தெரியறதுக்குள்ள சாஞ்சுடும். அரத்துல ஆரம்பிச்சு, ரெண்டு தரத்துல கல்லு, கடைசியா பழைய தோல் பெல்ட்ல இழுங்க. ஒரே கோணம் வரணும், பெவல் மேல ஸ்கெட்ச் பேனாவால கருப்பு அடிச்சுக்கிட்டு ரெண்டு இழுப்பு இழுத்து பாத்தா கல்லு எங்க படுது எங்க படலைன்னு தெரிஞ்சுடும், மை மிச்சம் இருக்கற எடத்துக்கு கோணத்தை மாத்திக்கலாம். முன்கை முடி மேல வச்சா வழுவழுன்னு வழிக்கணும். பழகறப்போ விட்டு எடுத்த பிளேடை மறுபடியும் தீட்டாம கொண்டு போகாதீங்க, ஃபோம்ல ஒரு தடவை போனாலே முனை போயிடும்.

மாட்டினப்புறம் அம்பை முனை மேல நிறுத்தி பம்பரம் மாதிரி சுத்தி விடுங்க. முனை ஆடுச்சுன்னா கோணலா உக்காந்திருக்கு, சூடு காட்டி மறுபடி ஒட்டுங்க.

பன்னிக்கு தனியா ஏதாவது பாக்கணுமா?

வயசான கொம்பன் பன்னிக்கு (ஆண் பன்னி) தோள்பட்டை மேல கேடயம் மாதிரி கெட்டியான, தடிச்ச தோல் இருக்கும், அதுங்க ஒண்ணை ஒண்ணு குத்திக்கறப்போ அதுதான் காப்பு. நுரையீரலும் இதயமும் மானை விட முன்னாடி, தாழ்வா இருக்கும். மான் அடிச்சு பழகினவன் பன்னியில பின்னாடி மேல அடிச்சு வயித்துல விட்டுடறான். அது ராத்திரி பூரா செத்து செத்து கெடக்கும். அதனால உங்களை விட்டு விலகி கோணலா திரும்பி நிக்கறப்போ, அதாவது பின்பக்கம் கொஞ்சம் உங்க பக்கமா இருக்கறப்போ, பின்விலாவுல நுழைஞ்சு எதிர் தோள் பக்கம் போற மாதிரி விடணும், கேடயம் இல்லாத வழி அது. எதுத்தாப்ல நிக்கற பன்னி மேலயும், நேர் பின்பக்கத்துலயும் விடவே கூடாது, எவ்ளோ நல்ல அம்பா இருந்தாலும்.

இன்சர்ட் (முனை மாட்டறதுக்கு ஷாஃப்டுக்குள்ள ஒட்டற உலோகத் துண்டு) பலமா இருக்கணும். அலுமினிய இன்சர்ட் பக்கவாட்டுல எலும்புல பட்டா வளைஞ்சுடும், பித்தளை இல்ல ஸ்டீல் போடுங்க, ஷாஃப்ட் முன்முனையில ஒரு இஞ்ச் அலுமினிய குழாய் காலர் மாட்டினா கார்பன் பொளக்காது. ரெண்டு நிமிஷத்துல காயற பசையை நம்பாம மெதுவா காயற எபாக்சி போட்டு ஒரு நாள் விடுங்க.

மூங்கில் அம்பு இதுக்கெல்லாம் தாங்குமா?

தாங்கும். எனக்கு ரொம்ப பிடிச்சது அதுதான். கார்பன்ல 500 வாங்கினா 500தான், மூங்கில்ல ஒவ்வொரு அம்பையும் நீங்களே தேடணும். கல்மூங்கில் சின்ன விட்டத்துல உள்ள கெட்டியா இருக்கும், எடைக்கு கொறைவே இருக்காது, இயற்கையாவே அடி தடிச்சு நுனி மெலிஞ்சு வரும், தடிச்ச பக்கம் முனை மாட்டினா முன்பாரம் தானா வந்துடும். காட்டுல போயி வெட்டாதீங்க, 2017ல சட்டம் திருத்தினப்புறம் காட்டுக்கு வெளிய வளர்ற மூங்கில் மரக்கணக்குல வராது, பட்டா நிலத்துல வச்சிருக்கறவங்க கிட்ட காசு குடுத்து வாங்கலாம்.

வெட்டினதை நிழல்ல கட்டு கட்டா கட்டி மாசக்கணக்குல காய விடணும், அவசரப்பட்டா அப்புறம் கோணிக்கும், வெயில்ல போட்டா வெடிக்கும், ஈரமாவே மூலையில வச்சா உளுத்துப் போயிடும். காஞ்சப்புறம் கரி அடுப்பு மேல, தணல்ல இருந்து ஒரு கை உயரத்துல உருட்டிக்கிட்டே சூடு காட்டணும். தோல் மேல ஒரு மினுமினுப்பு எண்ணெய் மாதிரி கசிஞ்சு வரும், அப்போதான் வளையும், அந்த நேரத்துல ஒரு கண்ணை மூடி ஷாஃப்ட் நீளத்துக்கு பாத்து, கோணல் இருக்கற எடத்தை எதிர்பக்கம் கொஞ்சம் மீறி வளைச்சு, ஆறற வரைக்கும் புடிச்சுக்கணும். கணுவுக்கு நடுவுல உள்ளதை முதல்ல நேராக்கிட்டு கணுவை கடைசியா பாருங்க, கணுதான் பிடிவாதம் பிடிக்கும். கணு மேடை அரத்தால லேசா எடுங்க, ஒரேயடியா சீவினா அங்கேயே ஒடியும். நாண் மாட்டற வெட்டுக்கு கீழ நூல் இறுக்கி சுத்தி பசை வைக்கலைன்னா முதல் நாள்லயே பொளந்துடும்.

ஒரு கட்டுல இருந்து ஸ்பைன், எடை ரெண்டும் ஒத்து வர்ற ஆறு அம்பு கெடைச்சாலே பெரிய விஷயம். ஸ்பைன்ல ரெண்டு மூணு பவுண்டு, எடையில 15 கிரெய்னுக்குள்ள இருக்கறதை ஒரு செட்டா வச்சுக்கங்க, மீதியை பழக.

மர ஷாஃப்ட்?

போர்ட் ஓர்ஃபோர்ட் சிடார், சிட்கா ஸ்ப்ரூஸ், டக்ளஸ் ஃபிர், இதெல்லாம் வெளியில இருந்து வரணும். 50 பவுண்டுக்கு 11/32 விட்டம் பொதுவா போடறது. பருவ வளையக் கோடு வில்லோட பக்கவாட்டுக்கு செங்குத்தா நிக்கணும், மேல்பக்கம் நார் ஓடி முடியற கூர் அம்போட முனை பக்கம் பாத்து இருக்கணும், ஏன்னா ஒடைஞ்சா சிலாம்பு கைக்கு மேல போகணும், கைக்குள்ள எறங்கக்கூடாது.

மயில் இறகு ஒட்டலாமா? ஊர்ல நெறைய கெடக்கு.

ஒட்டாதீங்க. மயிலோட தோகைக்குத்தான் சட்டத்துல விலக்கு, இறக்கை இறகுக்கு கெடையாது. வான்கோழி இறகு போதும், பண்ணை வச்சிருக்கறவங்க கிட்ட சொல்லி வச்சா குடுப்பாங்க. ஒரு அம்புல மூணும் ஒரே பக்க இறக்கையில இருந்து வரணும், இடது வலது கலந்தா அம்பு தெணறும். பிராட்ஹெட்டுக்கு அஞ்சு இஞ்ச் மூணு, முன்பாரம் அதிகம்னா நாலு இஞ்ச், லேசா திருகி ஒட்டுங்க. பிளாஸ்டிக் வேன் (இறகுக்கு பதிலா ஒட்டறது) ஷெல்ஃப்ல இடிச்சு தள்ளிடும், இறகு படுத்து எழுந்துக்கும், அதுக்குத்தான் இறகு. மழையில நனைஞ்சா படுத்துடும், அதனால பவுடர் தடவி வைப்பாங்க.

வல்வில் ஓரி ஒரே அம்புல யானையில இருந்து உடும்பு வரைக்கும் தொளைச்சாரே, அது முடியுமா?

இது கேக்காத ஆளே கெடையாது, கொல்லிமலை ஓரியும் நம்ம தகடூர் அதியமானும் ஒரே காலத்து ஆளுங்க, அதனால எனக்கும் இதுல பாசம் உண்டு. புறநானூத்துப் பாட்டுல அம்பு யானையை வீழ்த்தி, புலியை கொன்னு, மானை உருட்டி, பன்னியை சாச்சு, கடைசியா புத்துல இருந்த உடும்புல போயி நிக்குது. எந்த வில்லாலயும் அப்படி ஒரே அம்புல முடியாது. ஆனா அந்த வரிசையை பாருங்க, பெரும்பாலும் பெரிசுல இருந்து சின்னதா எறங்குது, ஒவ்வொரு ஒடம்பையும் தாண்டறப்போ அம்பு வலு கொறையுதுன்னு பாடினவருக்கு தெரிஞ்சிருக்கு, கடைசியில உடும்புலயே சொருகி நிக்குது. வேட்டையை பக்கத்துல இருந்து பாத்த கண்ணுன்னுதான் நான் நெனைக்கறேன்.

யானை மட்டும் தனியா கேட்டா, 1950ல ஹோவர்ட் ஹில் ஆப்பிரிக்காவுல லாங்போவால யானை அடிச்சிருக்காரு, 100 பவுண்டுக்கு மேல இழுக்கற வில்லு, ரொம்ப கனமான அம்பு. தர்மபுரி மியூசியம் போனா நடுகல் வரிசையா இருக்கும், வில்லு புடிச்ச வீரன், ஒடம்புல அம்பு தைச்சு நிக்கறதெல்லாம் கல்லுலயே செதுக்கியிருக்காங்க. பன்னியோட சண்டை போட்டு செத்தவனுக்கு கூட நம்ம பக்கம் கல்லு இருக்கு. போயி பாருங்க.

அம்பு விட்டதும் ஓடிடுச்சு, உடனே தொரத்தலாமா?

வேணாம். எங்க பட்டது, எந்த பக்கம் ஓடுச்சு, கடைசியா எந்த மரத்துகிட்ட மறைஞ்சதுன்னு பாத்து மனசுல வச்சுக்கிட்டு அங்கேயே அரை மணி நேரம் உக்காருங்க. அம்பு கெடைச்சா எடுத்து பாருங்க, நொரை கலந்த ரத்தம்னா நுரையீரல், பச்சையா நாத்தம் அடிச்சா வயிறு, வயிறுன்னா மணிக்கணக்குல விடணும், தொரத்தினா அது சாகற வரைக்கும் ஓடும், உங்களுக்கும் கெடைக்காது. தேடி எடுக்காம திரும்பறது பெரிய பாவம்னு நான் நெனைக்கறேன், அந்த நாள் அதுக்குத்தான்.

கார்பன் அம்பு ஒடைஞ்சு கையில ஏறும்னு சொல்றாங்க, நிஜமா?

நிஜம்தான், கல்லுல பட்டு கண்ணுக்கு தெரியாம கீறல் விட்ட ஷாஃப்டை மறுபடியும் நாண்ல ஏத்தினா விடறப்போ வெடிச்சு ஈட்டி மாதிரி வில்லு பிடிச்ச கையில எறங்கும். நம்ம பக்கம் எங்க பாத்தாலும் பாறை, தவறினா பாறையிலதான் படும், அதனால ஒவ்வொரு அம்பையும் எடுத்ததும் ரெண்டு முனையும் புடிச்சு நாலா பக்கமும் திருப்பி திருப்பி லேசா வளைச்சு காதுகிட்ட வச்சு கேளுங்க, கிறீச்னு சின்ன சத்தம் வந்தாலும் அதை ரெண்டா ஒடைச்சு போட்டுடுங்க, ஓரமா வச்சா வேற யாராவது எடுத்து விட்டுடுவாங்க. மூங்கிலுக்கும் மரத்துக்கும் இதே சோதனைதான். ஸ்கூல் பசங்க பழக வந்தா முதல்ல இதை சொல்லி குடுத்துட்டு அப்புறம்தான் வில்லை கையில குடுக்கணும்.